வாயை மூடிக்கினு ஒரு போட்டோ

பென்னலூர்
12.5.2013

அன்பு மகள் பியூலாவுக்கு அம்மா எழுதறது. கர்த்தர் கிருபையில அப்பா, நான், தங்கச்சி எல்லாரும் நல்லா இருக்கோம், மஸ்கட் வெயில்ல நீயும் ஒரு கொறையும் இல்லாம இருக்கணும்னு தினம் ஜெபத்துல உன் பேரைச் சொல்றேன். போன்ல சொன்னா பெனிஷா காதுல விழும், அதான் கடுதாசி.

பெனிஷாவுக்குக் கல்யாணம் கூடிடுச்சு. பையன் டெனிசன், ஒரகடம் கம்பெனில லைன் சூப்பர்வைசர், குடி கிடையாது. அவங்க பொண்ணு பார்க்க வந்த நேரம் இவ வாயில கம்பி, மேல ரெண்டு பக்கமும் சந்து. தண்டலம் டாக்டரம்மா கம்பி போட்டுப் பல்லை ஒதுக்கி இடம் பண்ணி வெச்சிருக்காங்க, இனிமேதான் எலும்புல ஸ்க்ரூ வெச்சு அதுமேல பல்லு மாட்டணும், உனக்குத் தெரியாததா, எனக்கு இல்லாட்டியும் தங்கச்சிக்காவது பல்லு வரட்டும்னு சொல்லி நீதானே அந்த டாக்டரம்மாவைப் பிடிச்சே. பையனோட அம்மா, இன்னா இது பல்லு எங்கன்னு நேராவே கேட்டுட்டாங்க. பொறவியிலயே முளைக்கலைன்னு சொன்னா பேரப்பிள்ளைக்கும் வரும்னு எழுந்து போயிடுவாங்க. உங்கப்பா சட்டுனு, ரெண்டாங்கிளாஸ்ல பைப்படியில விழுந்து பல்லு போயிடுச்சுன்னு சொல்லிட்டார். அப்போ அது பால்பல்லாச்சே, திரும்பி முளைச்சிருக்குமேன்னு அந்தம்மா மடக்கிட்டாங்க. இவருக்கு நினைப்பு இல்ல, அது ஒன்பதாங்கிளாஸ்னு நான்தான் சமாளிச்சேன்.

அதால நீ கல்யாணத்துக்கு வராதே. உனக்கும் அதே ரெண்டு பல்லு, அதே இடம், அக்காவும் தங்கச்சியும் பக்கத்துல நின்னா எல்லாருக்கும் விளங்கிடும். உன் போட்டோவை டாக்டரம்மாகிட்ட காட்டிச் சீக்கிரம் முடியுமான்னு கேட்டேன், உனக்கும் மொதல்ல கம்பி அப்புறந்தான் ஸ்க்ரூ, ரெண்டு வருஷம் ஆகும்னுட்டாங்க. முப்பத்திமூணு ஆயிடுச்சு, இனிமே உன்னை யார் பார்க்க வரப்போறான், வந்தவனெல்லாம் உன் சிரிப்பைப் பார்த்துட்டுத்தானே போனான். இவ வாழ்க்கையாவது நிக்கட்டும். வர்ற ஞாயிறு கோயில்ல மொத கல்யாண ஓலை வாசிக்கறாங்க, தடை இருந்தா சொல்லுங்கன்னு பாஸ்டர் கேப்பார். நீ வந்து நின்னு சிரிச்சாலே அது தடைதான்.

அக்கா இல்லாம தாலி கட்டிக்க மாட்டேன்னு பெனிஷா சொல்லிக்கினு இருக்கா. அவகிட்ட வர்றேன்னே சொல்லு, கல்யாணத்துக்கு மொத நாள் போன் பண்ணி லீவு குடுக்கலைன்னு சொல்லிடு, அழாம சொல்லு. மாப்பிள்ளை வூட்ல உன் போட்டோ கேக்கறாங்க, புதுசா ஒண்ணு எடுத்து அனுப்பு, வாயை மூடிக்கினு. வேளைக்குச் சாப்பிடு, நைட் டூட்டி ஏத்துக்காதே, கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். பெனிஷா நம்பணுமேன்னு உன் பேர்ல ஒரு பட்டுப்புடவையும் எடுத்து வெச்சிருக்கேன், கல்யாணம் முடிஞ்சதும் அதை அவளுக்கே குடுத்துடறேன்.

உன் நல்லதையே நினைக்கிற அம்மா,
அன்னபுஷ்பம்