விலாவோடு ஒட்டின சவ்வு

பாய்,

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நேற்று காலை கடையில் ஓர் ஆட்டு நுரையீரலைத் தூக்கிப் பிடித்து, "வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு"னு திட்டிக்கொண்டிருந்தேன். கொத்துக்கறி வாங்க வந்த டீச்சரம்மா பையை மடித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். திட்டு ஆட்டுக்கு இல்லை, உனக்கு. நீ செத்துப் போய் ஆறு வருஷமாகியும் எனக்குக் கோபம் கம்மியாகவில்லை.

அந்த நுரையீரல் விலாவோடு ஒட்டியிருந்தது. அறுப்பது நீ, எடை போடுவது நான் என்றிருந்த காலத்தில், நெஞ்சுக்கூட்டைப் பிளந்ததும் விலாவுக்கும் நுரையீரலுக்கும் நடுவில் நாலு விரலை விட்டு ஒரு சுற்று சுற்றுவாய். நல்ல ஆடென்றால் ஈரச் சோப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். எங்காவது பிடித்தால் முகம் மாறும். "சீக்கு. இத எவனுக்கும் போடாத, பொதைச்சிடு" என்பாய். அத்தனை சுத்தம், ஆட்டு விஷயத்தில்.

எழுபத்தேழில் உனக்கே வலப்பக்கம் குத்தியது. நான் சும்மா இருப்பேனா? "மச்சான் கல்யாண பிரியாணி இன்னும் எறங்கலியா பாய்?" சிரித்தாய். சிரித்ததும் விலாவைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வெக்காதபா, மூச்சு இழுத்தா கத்தி சொருகுறாப்ல இருக்கு" என்றாய். அதை என் நக்கலுக்குக் கிடைத்த பட்டம் என்று நினைத்தேன். கார்த்திகை தீபத் திருவிழாவுக்காகக் கறிக்கடைகள் மூடியிருந்த பத்து நாளும் வேலையில்லாமல் உட்கார்ந்து உன்னை ஜாஸ்தியாகச் சிரிக்க வைத்தேன். அதற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

அப்புறம் குத்தல் நின்றது. "போயிடுச்சு, வாயுதான்" என்று தைலப் பாட்டிலைத் தூக்கிப் போட்டாய். ஆனால் ஆட்டைத் தூக்கி மாட்டுவதற்குள் இரைத்தது. உன் வீட்டுக்காரம்மாதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனது, நானும் கூட வந்தேன். டாக்டர் முதுகில் ஊசி விட்டு ஒரு பாட்டில் நிறைய மஞ்சள் தண்ணீர் எடுத்தார். மூணாங்கிளாஸ் தாண்டாத எனக்கே புரிகிற மாதிரி சொன்னார். ரெண்டு சவ்வு, ஒன்று நுரையீரலைப் போர்த்தியிருக்கும், இன்னொன்று விலாவின் உள்பக்கம். நடுவில் துளி ஈரம். மூச்சு விடும்போது ஒன்றின்மேல் ஒன்று வழுக்க அது போதும். சவ்வு வீங்கினால் உரசும், குத்தும். நீர் கோத்துக்கொண்டால் ரெண்டும் விலகிவிடும், வலி நின்றுவிடும். நுரையீரல்தான் விரிய இடமில்லாமல் நசுங்கும்.

"வலி போச்சுனா நோய் போச்சுனு அர்த்தமில்ல. இது டி.பி. ஒன்றரை வருஷம் மாத்திரையை விடக்கூடாது."

"எனக்குத் தெரியாதா டாக்டர், தெனம் விரல் விட்டுப் பாக்குறவன்" என்றாய், பெருமையாக.

மூன்றே மாதம்தான் மாத்திரை போட்டாய். அடுத்த வருஷம் இருமலில் ரத்தம் வந்தது, அதற்கப்புறம் எந்த மருந்தும் கேட்கவில்லை. உன் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து கடையைத் திறந்தபோதுதான், தோலுக்குப் போடுகிற உப்பு டின்னுக்குள் அந்தப் பொட்டலங்களைப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டோடு உன் வீட்டுக்காரம்மா கட்டிக் கொடுத்த மாத்திரைகள், பிரிக்காமலே. "டி.பி.காரன் அறுத்த கறிய எவன் வாங்குவான்?" என்று நீ ஒரு தரம் முனகியது அப்போதுதான் உறைத்தது.

நாலு பேர் பார்க்க மாத்திரை விழுங்காமல் கடையைக் காப்பாற்றினாயாம். நான் கேட்டேனா? பஸ் ஸ்டாண்டில் பட்டாணி விற்றுப் பிழைத்திருப்போமே, ரெண்டு பேரும். சீக்கு ஆட்டைக் குழி தோண்டிப் புதைத்தவன் சொந்தச் சீக்கை உப்பில் ஒளித்து வைத்தாய்.

இப்போது அறுப்பது உன் தம்பி, விரல் விட்டுப் பார்ப்பது நான். மனுஷனையும் விடுவதில்லை. எவன் விலாவைப் பிடித்தாலும் "மூச்ச நல்லா இழு, குத்துதா?" என்கிறேன். போன வெள்ளிக்கிழமை, தம்பி தொழுகைக்குப் போயிருந்த நேரம், வேங்கிக்காலிலிருந்து வந்த ஒரு கிளார்க் விலாப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதில் சொல்ல விடாமல் ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். ரெண்டு மணி நேரம் கழித்து டாக்டர் பார்த்தார். பெல்ட் இறுக்கம் என்றார். திரும்பி வந்தபோது கொக்கியில் தொங்கிய தொடையை நாய் கொண்டு போயிருந்தது. கிளார்க் தொடைக்கறிதான் கேட்க வந்தாராம்.