யூசுப்பை ஏத்திக்கிட்டு வந்த ரோடு

ஜூன் 14, 1964. ஞாயிறு. திருச்சி

வெயில். காத்தே இல்ல. சாயங்காலம் ஆறு மணிக்கும் சுவத்துல கை வைக்க முடியல.

பெட்டி கட்டினேன். இவங்களுக்குக் கம்பளிச் சட்டை ரெண்டு, எனக்குப் பழைய சால்வை. ஜூலைலயும் ரஷ்யாவுல குளிருமாம். எலுமிச்சை ஊறுகாய், பருப்புப் பொடி, அவல், பேரீச்சம்பழம். அங்க இறைச்சியைத் தொடறதில்லன்னு ரெண்டு பேரும் பேசி முடிவு. தொழுகை விரிப்பு. யாசீன் கிதாபு. யூசுப் போட்டோ, காலேஜ்ல எடுத்தது.

நாத்தனார் வந்தாங்க. "பிள்ளை மவுத்தாகி வருஷம் ஒண்ணு ஆச்சு. இப்பப் போயி என்னத்தைப் பாக்கப் போறீங்க?"

"கபரைப் பாக்கணும்க்கா. அவ்வளவுதான்"னாங்க இவங்க.

அவ்வளவுதான் இல்ல. குளிப்பாட்டினாங்களா, கஃபன் துணி போட்டாங்களா, முகத்தை மக்கா இருக்கற கிப்லா பக்கம் திருப்பி வச்சாங்களா. ஒரு வருஷமா இவங்களைத் தூங்க விடாம வச்சிருக்கறது இதான். 'எல்லாம் முறைப்படி நடந்தது'ன்னு கடிதத்துல ஒரு வரி. எழுதினது ஸ்ரீரங்கத்து ஐயங்கார் பிள்ளை சௌந்தரராஜன். யூசுப் கூடப் படிச்சவன், எண்ணெய்க் கிணறு வேலை பழக ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போனாங்க. அந்தப் பிள்ளைக்கு நம்ம முறை என்ன தெரியும்ங்கறாங்க.

கடிதம் எனக்கு மனப்பாடம். 'குழாய் இறக்கும்போது விபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே, அதிக வலி தெரியாமல்.'

ஜூலை 2, வியாழன். உஃபா

தூறல். மாஸ்கோலேருந்து ரயில்ல ஒண்ணரை நாள். கால் வீக்கம்.

ஸ்டேஷனுக்கு சௌந்தரராஜன் வந்திருந்தான் (பேரு நீளம், இனிமே சௌ.). பாதி உடம்பாயிட்டான். நெத்திப் பக்கம் முடி கொட்டியிருக்கு. இருபத்தஞ்சு வயசுதான். இவங்க கையைப் பிடிச்சவன் விடவே இல்ல. யூ. கூப்பிடறதைக் கேட்டுக் கேட்டு அவனும் இவங்களை 'அத்தா', என்னை 'அம்மா'தான்.

ஜீப். டிரைவர் ரஃப்கத், நாப்பது இருக்கும். இந்தப் பக்கம் தாத்தார் ஜனங்க நிறைய, முஸ்லிம்தானாம், வெளிய சொல்லிக்கறதில்லையாம். வண்டி கிளப்பும்போது வாய்க்குள்ள பிஸ்மில்லாஹ் சொன்ன மாதிரி இருந்துச்சு. இவங்களும் கேட்டிருக்காங்க. என்னைத் திரும்பிப் பாத்தாங்க.

ஆஸ்பத்திரி ரெண்டு நாள் பாதை. அதுக்கு அப்பால ஒரு ஆறு. ஆத்தைத் தாண்டினா கிராமம், அங்கதான் கபர்.

ஜூலை 3, வெள்ளி. வழியில்

ஜும்மா இல்லாத வெள்ளி. மழை.

காடு. ஒரே மாதிரி வெள்ளைப் பட்டை மரம், பெர்யோசான்னு பேராம். மூணு மணி நேரம் ஒரு வீடு கூட இல்ல. பிறகு நாலு வீடு, ஒரு கிணறு, ஒரு பசுமாடு. பிறகு மறுபடி காடு. சேத்துல நாலு தரம் மாட்டிக்கிச்சு. ஒவ்வொரு தரமும் சௌ.தான் முதல்ல இறங்கித் தள்றான்.

கொசு நம்ம ஊரு கொசுவை விடப் பெரிசு. சால்வைக்கு மேலயே கடிக்குது.

கிடைச்சது: உருளைக்கிழங்கு, வெள்ளரிக்காய், கறுப்பு ரொட்டி, தேன். டீயில பால் விடறாங்க, நம்ம வீடு மாதிரி. சௌ. எதையும் தொடல.

"சாப்பிடுங்க தம்பி."

"பசிக்கலேம்மா."

இவங்க கேட்டாங்க, "ஆஸ்பத்திரி நாளைக்கு வந்துருமா?"

"வந்துடும் அத்தா. ஆனா நேரா கபருக்கே போயிடலாமே. அங்கே பழைய டாக்டர் மாறிப் போயிட்டார்."

உஃபாவிலேருந்து இதையே சொல்றான். இது மூணாவது தரம்.

பொழுது சாயவே மாட்டேங்குது. ஒம்பதரைக்கும் வெயில். ராத்திரித் தொழுகை இஷாவை எப்பத் தொழறதுன்னு இவங்களுக்குக் குழப்பம்.

ஜூலை 4, சனி. ஆஸ்பத்திரி இருக்கற சின்ன டவுன்

மேகம். மழை இல்ல.

மரத்துல கட்டின ஆஸ்பத்திரி. ஜன்னல்ல பூந்தொட்டி. டாக்டர் மாறலை, அஞ்சு வருஷமா அதே அம்மான்னு ரஃப்கத் அஞ்சு விரலை விரிச்சுக் காட்டினான். ரஃப்கத் பேசினான். பெரிய ரிஜிஸ்டர் எடுத்து வந்தாங்க. இவங்க போட்டோவை மேஜை மேல வச்சாங்க. அந்தம்மா போன வருஷ ஜூன் பக்கமெல்லாம் விரலை வச்சுப் பாத்தாங்க. மே. ஜூலை. பிறகு ரிஜிஸ்டரை மூடிட்டு என் கையைத் தொட்டாங்க. பாஷை தேவைப்படல.

வெளிய வந்தோம். சௌ. உள்ளயே வரல. வண்டிச் சக்கரத்துல ஒட்டின சேத்தைக் குச்சியால வழிச்சுக்கிட்டு இருந்தான்.

"தம்பி, எம் பிள்ளை இங்க வரவே இல்லையா?"

"வரலே அத்தா."

"அப்ப எங்க?"

"ஆத்தங்கரையிலே. நாளைக்குத் தாண்டப் போறோமே, அங்கே."

நின்னபடியே சொன்னான். சொன்னது சொன்னபடி எழுதி வைக்கணும், எழுதறேன்.

வேலை நடந்த இடம் ஆத்துக்கு அக்கரைல. காலைல ஆறு மணிக்குக் குழாய் உருண்டு வயத்து மேல ஏறிடுச்சு. ஏழு மணிக்கு வண்டில ஏத்திக்கிட்டுக் கிளம்பியிருக்காங்க. ஓட்டினது இதே ரஃப்கத். பதினோரு மணிக்குத் துறை. ரெண்டு நாள் மழைல ஆத்துல வெள்ளம். படகை இழுக்கற கம்பிக் கயிறு அறுந்து படகு இக்கரைல. கயிறு கட்ட ஆள் வரணும். வரல. சாயங்காலம் ஒம்பது மணி வரைக்கும் அங்கயே. வெயில் இருக்கும்போதே போயிட்டான்.

"பத்து மணி நேரம் அத்தா. எம் மடியிலேதான் தலை."

வலி இருந்துச்சான்னு நான் கேட்டேன். குச்சியைக் கீழ போட்டான்.

பிறகு சொன்னான். "தண்ணி கேட்டான்மா. வயத்துல அடி, ஒரு சொட்டு கூடக் கொடுக்கப்படாதுன்னு வேலை நடந்த இடத்துலே சொல்லி அனுப்பியிருந்தா. கொடுக்காம இருந்தா பிழைச்சுப்பான்னு நெனச்சேன். எதிர்ல அவ்வளவு பெரிய ஆறு ஓடறது. கேட்டுண்டே இருந்தான். கடைசி வரைக்கும் நான் கொடுக்கலே."

இவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு. "ஏன் பொய் எழுதினே?"

"இதை எப்படி எழுதறதுன்னு தெரியலே அத்தா."

இவங்க போயி வண்டில முன் சீட்டுல உக்காந்துக்கிட்டாங்க. பிறகு இன்னிக்குப் பூரா அவன்கிட்ட ஒரு வார்த்தை இல்ல.

எனக்குக் கோபம் வரல. ஏன்னு தெரியல. ஒரு வருஷமா வலி தெரியாம போனான்னு சொல்லிச் சொல்லிச் சோறு தின்னேன். அதை அவன்தான் குடுத்தான்.

ஜூலை 5, ஞாயிறு. கிராமம்

மேகமே இல்லாத வானம்.

ஆறு. நம்ம காவேரியில பாதி கூட இல்ல. கம்பிக் கயிறு புதுசு, என் கை மொத்தம். வண்டியோட படகுல ஏறித் தாண்டினோம். சௌ. கைக்கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே வந்தேன். ஆறு நிமிஷம்.

படகுக்காரர் எழுபது வயசு. ஸலாம் சொன்னார். இவங்க நிமிர்ந்து பாத்துட்டு ஸலாம் திருப்பிச் சொன்னாங்க. குளிப்பாட்டினது அவரும் ரஃப்கத்தும். பெட்டிக்குள்ள மகளுக்குன்னு வச்சிருந்த புது வெள்ளைத் துணியை அவர் வீட்டம்மா குடுத்தாங்களாம். ஜனாஸா தொழுகைக்கு ஏழு பேர். முகம் எந்தப் பக்கம்னு இவங்க கேக்கறதுக்கு முன்னாடி, தன் கன்னத்துல கை வச்சு, கிப்லா பக்கம் தலையைத் திருப்பிக் காட்டினார்.

சௌ.தான் வீடு வீடா ஏறி, 'இவன் முஸ்லிம், உங்க முறை தெரிஞ்சவா யாராவது வாங்கோ'ன்னு கேட்டிருக்கான். இதை ரஃப்கத் சொல்லித்தான் தெரியும். எங்களுக்கு மொழி பெயர்க்கும்போது சௌ. தன் பேரை விட்டுட்டான். ரஃப்கத் கை நீட்டிக் காட்டினதால புரிஞ்சுது.

நம்ம ஊர்ல பொம்பளைங்க கபர் இருக்கற மையவாடிக்குள்ள போறதில்ல. இங்க யாரும் தடுக்கல. போனேன். மர வேலி, மரப் பலகை. ரஷ்ய எழுத்துல பேரு, மேல கத்தியால செதுக்கின பிறை. புல்லு வெட்டியிருக்கு. படகுக்காரர் ஃபாத்திஹா ஓதினார். ராகம் வேற. வார்த்தை அதேதான். இவங்க மண்ணு மேல உள்ளங்கையை வச்சாங்க, எடுக்கல. நான் அழல. வரல.

சௌ. வேலிக்கு வெளிய. "வா தம்பி"ன்னேன். தலையாட்டினான், வரல. இவங்க கூப்பிடல.

திரும்பும்போது துறையில இவங்க ரஃப்கத்கிட்ட சைகையால கேட்டாங்க, வண்டி எங்க நின்னுச்சுன்னு. ஒரு இடத்தைக் காட்டினான். கூழாங்கல்லு, கொஞ்சம் புல்லு, வேற ஒண்ணுமில்ல. இவங்க அங்க போயி நின்னாங்க. படகு ரெண்டு தரம் போயிட்டு வந்துச்சு.

ஜூலை 8, புதன். உஃபா ஸ்டேஷன்

மழை. மூணு நாளா இவங்க முன் சீட்டு, சௌ. பின் சீட்டு. எழுதவும் ஒண்ணுமில்ல.

சௌ. என்கிட்ட மட்டும், "அம்மா, ஸ்ரீரங்கத்துல எங்காத்துக்கு ஒரு நடை போயிட்டு வருவேளா?" போறேன்னேன். இவங்க ஸலாமும் சொல்லாம ரயில்ல ஏறிட்டாங்க. ரயில் கிளம்பின பிறகும் அவன் நின்னுக்கிட்டிருந்தான். குடை இல்ல.

ஜூலை 22, புதன். திருச்சி

புழுக்கம். மூட்டை பிரிச்சேன். ஊறுகாய் பாதி மிச்சம்.

காலைலேருந்து ஆள் வந்த வண்ணம். எல்லார்கிட்டயும் இவங்க ஒரே பேச்சு. "முறைப்படி நடந்திருக்கு. நல்ல ஜனங்க." நாத்தனார், "ஆஸ்பத்திரியைப் பாத்தீங்களா?"ன்னாங்க. "பாத்தோம்."

பொய் இல்ல.

ஜூலை 26, ஞாயிறு

ஆத்துல புதுத்தண்ணி. பஸ்ஸிலேருந்து பாத்தேன், கரை வரைக்கும் செம்மண் நிறம்.

ஸ்ரீரங்கம் போனோம். இவங்க வரமாட்டாங்கன்னு நெனச்சேன். செருப்பை மாட்டிக்கிட்டு முன்னாடி நின்னாங்க. வழியில, "நீ உள்ள போ. நான் தெருவுலயே நிக்கறேன்."

சௌ. அம்மா, என் வயசுதான். மூக்குக்கண்ணாடி. நான் யாருன்னு சொல்றதுக்குள்ளயே கதவைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"எல்லாம் எனக்குத் தெரியும்மா. போன வருஷமே எழுதிட்டான். பாலத்தைத் தாண்டினா உங்காம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நாலு தரம் வந்தேன். உங்க முகத்தைப் பாக்கத் தைரியம் வரலே. திரும்பிட்டேன்."

தெருவுல நின்ன இவங்களைப் பாத்துட்டு அவங்களே இறங்கிப் போனாங்க. எதிர் வீட்டுல ரெண்டு பேர் எட்டிப் பாத்தாங்க. "உள்ளே வாங்கோ"ன்னாங்க. இவங்க அசையல. "அவன் பண்ணினது தப்புதான். நீங்க உள்ளே வந்து உக்காந்து திட்டுங்கோ."

வந்தாங்க. கூடத்துல நாற்காலி நுனியில உக்காந்தாங்க.  பிறகு, "அவன் உங்களுக்கு எழுதின கடிதாசி இருக்கா?"

பதினோரு பக்கம். படிக்கச் சொன்னாங்க.

அந்தப் பத்து மணி நேரமும் அதுல இருந்துச்சு. யூ. கொசு கடிக்குதுன்னு காலை மூடச் சொன்னது. இன்னிக்கு என்ன கிழமைன்னு ரெண்டு தரம் கேட்டது. தண்ணி. பேச்சு கொடுக்கறதுக்காக சௌ. நம்ம திருச்சி மெயின் கார்டு கேட்டிலேருந்து தெப்பக்குளம் வரைக்கும் ஒவ்வொரு கடையா வரிசையாச் சொல்லிக்கிட்டு வந்திருக்கான். நடுவுல ஒரு பாத்திரக்கடையை விட்டுட்டான். யூ. எடுத்துக் கொடுத்தானாம். மறுபடி தண்ணி. நாலு மணிக்கு மேல, "அத்தாகிட்ட வலிச்சுதுன்னு சொல்லாதே"ன்னு.

அந்தம்மா அங்க நிறுத்திட்டாங்க. என்னால அவங்க முகத்தைப் பாக்க முடியல.

"மிச்சத்தையும் படிங்க"ன்னாங்க இவங்க. கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சாங்க.

இவங்க முழங்கால் மேல ரெண்டு கையையும் வச்சுக் குனிஞ்சு உக்காந்திருந்தாங்க. நிமிரல.

"முதல்லேருந்து இன்னொரு தரம் படிங்கம்மா."

அவங்க கண்ணாடியைக் கழட்டித் தலைப்பால துடைச்சுப் போட்டுக்கிட்டு, முதல் பக்கத்தை எடுத்தாங்க.