நீலம் ஊதாவாக வந்த தாள்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். அங்கே வீட்டில் எல்லோரும் சுகம்தானே? இங்கே நானும் உங்கள் தம்பியும் நலம். மாமா நன்றாக இருக்கிறார். நடக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார். ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டே தூங்கிப்போய், நான் போய் அணைத்தால் கண்ணைத் திறக்காமல், "கேட்டுட்டுத்தான் இருக்கேன்" என்கிறார். அந்த விஷயத்தில் எந்த மாற்றமும் இல்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உறைக்குள் இருக்கும் தாளை நீங்கள் கையில் எடுத்துப் பார்க்காமல் நான் என்ன சொன்னாலும் முழுதாக விளங்காது. அதனால்தான் கடிதம். பெரிய தாள், மருந்து அட்டவணை. அதோடு இருக்கும் சின்னத் தாளில், மாத்திரை அட்டைமேல் ஒட்டும் ஸ்டிக்கர் வில்லைகள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகும் வயதானவர்களுக்கெல்லாம் இனி இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கப் போகிறார்கள். மூவாயிரம் பிரதி அச்சாகியிருக்கிறது. செய்தது நான். ஆனால் இது உங்கள் கோபத்தில் பிறந்த தாள். அதற்கு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நாலு மாதத்துக்கு முன் மாமா தலைசுற்றி விழுந்த அன்று டாக்டர் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். காலையில் போட வேண்டிய பிரஷர் மாத்திரை, இரவில் போட வேண்டிய மூட்டுவலி மாத்திரைக்குப் பதிலாக இன்னொரு தடவையும் உள்ளே போயிருக்கிறது என்றார். இரண்டு வேளையும் மாத்திரையை எடுத்துத் தட்டில் வைப்பது நான். ஆகவே யார் தவறு என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நானே கேட்டுக்கொள்ளவில்லை. அன்று போனில் நீங்கள், "ரெண்டு மாத்திரையைப் பிரிச்சுக் குடுக்கத் தெரியாதா உனக்கு? நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடிதானே உக்காந்திருக்கே, பெருசா எழுதி ஒட்டி வெச்சா என்ன?" என்று கேட்டீர்கள். முதல் பாதி வலித்தது. இரண்டாம் பாதி காதைவிட்டுப் போகவில்லை. மாமா வீடு திரும்பிய வாரமே எழுதி ஒட்டினேன்.

மூன்று பத்திகள்: காலைக்கு நீலம், மதியத்துக்கு ஆரஞ்சு, இரவுக்கு ஊதா. மாத்திரை அட்டையின் மேலும் அதே நிறத்தில் ஒரு வில்லை. மறுபரிசோதனைக்குப் போனபோது மாமா அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் எடுத்து வந்திருந்தார். வார்டு சிஸ்டர் அதை வாங்கி விரித்துப் பார்த்தார். அடுத்த வாரம் அழைத்து, மூவாயிரம் பிரதி வேண்டும், அச்சகத்துக்கு நாங்கள் சொல்லிவிடுகிறோம், டிசைனை மட்டும் நீங்கள் கொண்டுபோய்க் கொடுங்கள் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்கா, நான் இதுவரை செய்ததெல்லாம் கடைகளுக்கான விளம்பரப் படங்கள். போனில் பார்ப்பார்கள், விரலால் தள்ளிவிட்டுப் போவார்கள். தப்பிருந்தால் ஐந்து நிமிடத்தில் மாற்றி அனுப்பிவிடலாம். மை பட்ட தாளை அப்படித் திரும்பக் கூப்பிட முடியாது என்பது அச்சகத்து மாடிப்படி ஏறும்வரை என் மூளைக்கு எட்டவில்லை.

அந்த மாடியில், படி முடியும் இடத்திலேயே ஒரு மேசை. அங்கே ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா, ஏசிக் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, இரும்பு ஸ்கேலும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்திருப்பார். கீழே மெஷினுக்குப் போகும் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து சரிபார்ப்பது அவர் வேலை. அவர் சரி என்று சொல்லாமல் எதுவும் படியிறங்காது. மற்றவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பிரேக்கம்மா. அவருக்கும் அது தெரியும். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார்.

என் ஃபைலைத் திறந்த ஒரு நிமிடத்தில், "இது போன்ல பாக்கறதுக்குச் செஞ்சதா?" என்றார். எப்படித் தெரிந்தது என்றேன். சூரியன் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். என் கம்ப்யூட்டரில் கத்தி மாதிரி கூர்மையாக இருந்த ஓரம், அச்சளவுக்குப் பெரிதாக்கியதும் படிக்கட்டு படிக்கட்டாகக் கிடந்தது. அடுத்தது ஓரம். தாளின் விளிம்போடு என் நிறங்களை நிறுத்தியிருந்தேன். "வெட்டுற பிளேடு ஒரு நூல் இப்படி அப்படிப் போகும்மா. அப்ப ஓரத்துல வெள்ளைக் கோடு பல்லைக் காட்டும். எல்லாப் பக்கமும் மூணு மில்லிமீட்டர் வெளியே இழுத்து விடுங்க. அது வெட்டுப்பட்டுப் போகட்டும்" என்றார். மூன்றாவது எழுத்து. என் ஃபான்ட் அவர்களிடம் இல்லை. அவர்கள் கம்ப்யூட்டர் தன்னிஷ்டத்துக்கு வேறொன்றைப் போட்டுவிட்டது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக, "மாத்திரை" என்ற சொல்லே கீழே விழுந்து எழுந்த மாதிரி இருந்தது.

அதைப் பார்த்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எத்தனை மாத்திரை என்று டிக் செய்யும் கட்டங்கள் மேல் ஸ்கேலை வைத்து, "ஒண்ணு இருக்கு, ரெண்டு இருக்கு. இதுக்கு முன்னாடி ஒரு கட்டம் ஏன் காலியா இருக்கு?" என்று கேட்டார்.

காலியாக இருந்தது அரை, அக்கா. அரை மாத்திரை என்பதற்கான ½ குறி அவர்களுடைய ஃபான்ட்டில் இல்லாததால் ஒன்றுமே இல்லாமல் போயிருந்தது. கட்டம் காலி என்றால் என்ன அர்த்தம்? ஒருத்தர் வேண்டாம் என்று நினைப்பார், இன்னொருத்தர் முழுசாகப் போட்டுக்கொள்வார். ஒரு வீட்டில் ஒரு மாத்திரை இடம் மாறினதற்கே என்ன ஆயிற்று என்று பார்த்தவள் நான். இது மூவாயிரம் வீடு.

எல்லாவற்றையும் பென்சிலால் எழுதிக் கொடுத்து அனுப்பினார். கடைசியாக, "நிறத்தை நாலு மைக்கு மாத்தணும்" என்று இருந்தது. அச்சில் எந்த நிறமும் நாலே மைகளின் கலவைதானாம். பஸ்ஸில் வரும்போது எனக்கு அவர்மேல் கோபம்தான். எழுதவே வெட்கமாக இருக்கிறது. மற்றவர்களிடம் இவ்வளவு கேட்பார்களா, நான் தெரியாதவள் என்றுதானே என்று வீடுவரை பொருமிக்கொண்டே வந்தேன். உங்கள் தம்பி அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "உன்னை விரட்டணும்னா இவ்வளவு அழகா எழுதிக் குடுத்திருக்க மாட்டாங்களே" என்றார். எப்போதாவது பேசினாலும் சில நேரம் சரியாகப் பேசிவிடுகிறார்.

மூன்று நாள் வேலை. படங்களை எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் உடையாதபடி முதலிலிருந்து வரைந்தேன். ஓரங்களை வெளியே இழுத்தேன். எழுத்துகளை இனி எந்த ஃபான்ட்டும் தேவைப்படாதபடி வெறும் கோட்டு வடிவங்களாக மாற்றினேன். ½ தன் கட்டத்தில் அசையாமல் உட்கார்ந்தது. நிறங்களையும் மாற்றினேன். என் திரையில் எல்லாம் பளிச்சென்றுதான் இருந்தது.

மறுபடி போனேன். இந்தத் தடவை ஃபைலைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல், சோதனைக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தார். புரூஃப் என்கிறார்கள். அதன் அடியில் "சரி" என்று நான் கையெழுத்துப் போட்டால் மெஷின் ஓடும். அதற்குள் மேனேஜர் வந்து, வெள்ளிக்கிழமை மருத்துவமனைக்குப் போயாக வேண்டும், கட்டம்தானே அம்மா, போட்டுக் கொடுங்கள் என்று பேனாவை நீட்டினார். நானும் வாங்கிவிட்டேன். பிரேக்கம்மா தாளின் மேல் கையை வைத்தார். "இங்க போடாதீங்க. யாருக்காகச் செஞ்சீங்களோ அவங்ககிட்ட குடுத்துப் பாத்துட்டு, நாளைக்குக் காலையில வந்து போடுங்க" என்றார். மேனேஜர் முகம் சுளித்தார். "நான் நிறுத்தலேன்னா மெஷின் தானா நிறுத்தாது சார்" என்றார் இவர், குரலை உயர்த்தாமல்.

அன்று சாயங்காலம் மாமாவின் கட்டிலில் புரூஃபை விரித்து, மருந்துப் பெட்டியைக் கொட்டி, எந்த அட்டை எந்தப் பத்திக்கு என்று நீங்களே வையுங்கள் என்றேன். ஆரஞ்சைச் சரியாக வைத்தார். பிரஷர் மாத்திரை அட்டையை இரவில் வைத்தார். நான் குனிந்து பார்த்தேன். என் திரையில் வானம் மாதிரி இருந்த நீலம், தாளில் ஊதாவுக்கு உறவுக்காரன் மாதிரி மங்கிப் போயிருந்தது. சரி, அச்சுதான் காரணம் என்று கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து திரையில் காட்டினேன். கண் கூசும் அளவுக்கு நீலம், பக்கத்திலேயே ஊதா. "ரெண்டும் ஒரே கலர்தானேம்மா" என்றார் மாமா.

அவராகவே, எழுத்தும் ஒரு வருஷத்துக்கு மேலாகப் புகைமூட்டமாகத்தான் தெரிகிறது, சொன்னால் உங்களையெல்லாம் அலைக்கழிப்பதாகிவிடும் என்று விட்டுவிட்டேன் என்றார். பிறகு வெகுநேரம் அந்தத் தாளைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம், "அன்னைக்கு ராத்திரி நீ தட்டுல வெச்சது சரியான மாத்திரைதாம்மா" என்றார்.

அதன் பிறகு அவர் சொன்னதை நான் எழுதப் போவதில்லை, அக்கா. மருந்துப் பெட்டி அவர் கைக்கு எட்டும் இடத்தில்தான் எப்போதும் இருக்கும் என்பது உங்களுக்கும் தெரியும்; அட்டைகளைப் பிரித்துப் பார்க்க அவர் கண்ணால் முடியவில்லை என்பது இப்போது எனக்கும் தெரியும். மீதியை உங்களிடம் தானே சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். சொல்ல நாலு மாதமாக வார்த்தை தேடியிருக்கிறார், பாவம். அன்று அவர் அழுதார். நானும் அழுதேன். உங்கள் தம்பி வாசலில் நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் போய்த் துணி மடித்தார்.

மறுநாள் பிரேக்கம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்காரச் சொன்னார். திரையில் தெரிவது வெளிச்சம், தாளில் இருப்பது மை, அந்த நீலத்தை நாலு மையும் சேர்ந்தாலும் பிடிக்க முடியாது, ஊதாப் பக்கம்தான் சாயும் என்று விளக்கினார். "கலரை நம்பாதீங்க. முதல்ல கறுப்பு வெள்ளையில எடுத்துப் பாருங்க. அதுல புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்" என்றார். அப்படித்தான் செய்தோம். மதிய உணவு நேரத்தையும் எனக்காக விட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். காலைக்கு மஞ்சள், பாதிச் சூரியன், வட்ட வில்லை. மதியத்துக்கு ஆரஞ்சு, முழுச் சூரியன், சதுர வில்லை. இரவுக்குக் கருநீலம், பிறை, முக்கோண வில்லை. கண்ணை மூடிக்கொண்டு வில்லையைத் தடவிப் பாருங்கள் அக்கா, எந்த வேளை என்று தெரியும். மருத்துவமனை ஒரு வாரம் பொறுத்துக்கொண்டது. காரணத்தைக் கேட்டதும் வார்டு சிஸ்டர், "வெள்ளிக்கிழமை எங்கேயும் ஓடிடாது" என்றார்.

இரண்டாவது புரூஃபில் மாமா ஆறு அட்டைகளையும் ஒன்றுகூடத் தப்பாமல் வைத்தார். பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். கீழே மெஷின் ஓடத் தொடங்கியபோது பிரேக்கம்மா முதல் தாளை எடுத்து, பூதக்கண்ணாடியை வைத்து முதலில் அந்த அரைக் கட்டத்தைத்தான் பார்த்தார். நன்றி சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அடுத்த ஃபைலுக்காரரிடம் ஓரம் எங்கே என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

மாமாவைக் கண் டாக்டரிடம் காட்டினோம். இரண்டு கண்ணிலும் புரை, நீலமும் ஊதாவும் குழம்புவது அதனால்தான் இருக்கும் என்றார். பயப்பட ஒன்றுமில்லை, சின்ன ஆபரேஷன், அடுத்த மாதம் பதினான்காம் தேதி முதல் கண். யோசித்துப் பார்த்தால், அன்று அச்சகத்திலேயே கையெழுத்துப் போட்டிருந்தால் இது எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும். அந்த அம்மாவுக்கும், மங்கிப்போன அந்த மைக்கும், எழுதி ஒட்டச் சொன்ன உங்களுக்கும் நான் எத்தனை ஜென்மம் நன்றி சொன்னாலும் தீராது.

மாமா ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் பேசுவார். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேளுங்கள். கோபப்பட்டுவிடாதீர்கள். இருந்த கோபத்தையெல்லாம் என்மேலேயே செலவழித்துவிட்டீர்கள், அவருக்கு மிச்சம் இருக்காது என்று தைரியம் சொல்லி வைத்திருக்கிறேன். எனக்காக அவரிடம் பரிந்து பேசாதீர்கள். என்னிடம் வருத்தமும் தெரிவிக்க வேண்டாம். அப்பா எப்படி இருக்கிறார் என்று இத்தனை நாளாக உங்கள் தம்பியிடம்தான் கேட்கிறீர்கள். அவருக்குப் பாதி தெரியாது. இனிமேல் என்னைக் கேளுங்கள் அக்கா. விடிந்ததிலிருந்து நடந்ததெல்லாம் சொல்கிறேன்.

நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

என்றும் உங்கள் அன்பை எதிர்பார்க்கும்,
உங்கள் தம்பி மனைவி