கருப்பன் பேரில் வந்த அலறல்

அன்புள்ள கலைவாணிக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? போனில் சொன்னால் பாதியிலேயே பயந்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

முதலில் மானம் போன கதை. போன வாரம் இந்த ஜவ்வாது மலையில், லுங்கி அவிழ்ந்து விழுந்ததுகூடத் தெரியாமல் கோடுபோட்ட டிராயரோடு ஓடினேன். பார்க்காதவர் யாருமில்லை.

எங்கள் மருத்துவ முகாமில் வயதானவர்களுக்குக் கொடுக்கும் கடிகாரம், கையில் நாடி நின்றால் என் போனில் அலறும். அன்று கருப்பன் என்கிற பெரியவர் பேரில் அலறியது. ஓடிப் போனால், மனுஷன் வாசலில் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறார். நெஞ்சை அமுக்கினேன், ஷாக் கொடுக்கும் பெட்டியை வைத்தேன். கண் திறந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "இன்னா சார், லுங்கி எங்க?" என்றார். கலை, நான் அழுதே விட்டேன்.

இப்போது திருவண்ணாமலை ஆஸ்பத்திரியில் கஞ்சி குடிக்கிறாராம். கடிகாரம் வேண்டாமென்று என்னை விரட்டியவர்கள்கூட, "எனுக்கும் ஒண்ணு கட்டுங்க சார்" என்று கையை நீட்டுகிறார்கள். வீட்டுக்கு வீடு சாமைச் சோறு போட்டு, எனக்குத் தொப்பை கூடிவிட்டது.

மோர்மிளகாய் கொஞ்சம் அனுப்பு. பார்சலில் இடமிருந்தால் உன் தலையணை உறை ஒன்றும் வை, துவைக்காமல். ஜீப்காரர் ஹாரன் அடிக்கிறார், கடிதத்தை அவரிடம்தான் கொடுக்கவேண்டும்.

உன்
விஜயராஜ்

ஒன்று விட்டுப்போச்சு. கடிகாரம் கருப்பன் கையிலேயே இல்லை. அவர் சம்சாரம் மங்கம்மாள் மணி பார்க்கக் கட்டிக்கொண்டு போய், ஓடையில் துணி துவைக்கும்போது கழற்றிக் கல்மேல் வைத்தாராம். கல்லுக்கு நாடி இல்லையென்றுதான் அது அலறியிருக்கிறது.