பார்க்காமல் எழுதிய பதினொன்று

5 நவம்பர் 2002, செவ்வாய்

தீபாவளி நேற்று முடிந்தது. வரலட்சுமி சுட்ட முறுக்கில் என் கடைவாய்ப் பல் இரண்டாகப் பிளந்தது. இராயபுரத்துப் பல் டாக்டர் மீதியைப் பிடுங்கிவிட்டு, பத்து நாளைக்கு எதையும் கடிக்கக் கூடாது என்றார். நான் கடித்துத்தான் சம்பளம் வாங்குகிறேன் என்பது அவருக்குத் தெரியாது.

எர்ணாவூர் பருப்புக் கிடங்கில் பத்தொன்பது வருடமாகப் பொறுப்பாளன். மூட்டையில் குத்தூசி விட்டு நாலு உளுந்து எடுத்துக் கடைவாயில் வைப்பேன். டக்கென்று உடைந்தால் காய்ந்த சரக்கு, அடுக்கலாம். பல்லுக்கடியில் அமுங்கினால் ஈரம், உலர்த்தாமல் அடுக்கக் கூடாது. முதலாளி எபினேசர் போன வருடம் ஈரம் அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தார். ஆயுத பூஜைக்கு அதற்கு மாலை போட்டு அலமாரியில் வைத்தேன். லோடுமேன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான்.

7 நவம்பர், வியாழன்

பர்மா உளுந்து, ஒன்பது லாரி. துறைமுகத்திலிருந்து எங்கள் கிடங்கு பன்னிரண்டு கிலோமீட்டர். எண்ணூர் சாலை வரிசையில் நின்று வந்து சேர இரண்டு நாள். பர்மாவிலிருந்து கடலைக் கடக்கக் கப்பலுக்கே இதைவிட ஓரிரு நாள்தான் கூட.

வழியெல்லாம் மழை. வியாசர்பாடி பீம்ராவ், எங்கள் லோடுமேன்களுக்கு மேஸ்திரி, தன் ஐந்து ஆட்களோடு லாரிகளிலேயே இருந்து தார்ப்பாயைப் பிடித்து வந்திருக்கிறார். முதல் மூட்டையைத் தோளில் வாங்கியவுடன் என்னிடம் வந்தார்.

"மூட்ட கனமா கீது சார். ஒரு கிலோ, ரெண்டு கிலோ கூட. தார்ப்பா உள்ள ஒரு சொட்டு போவல. கப்பல்லயே ஏதோ ஆயிருக்கு. நல்லா பாத்துக்க."

வாயில் பஞ்சு, கன்னம் வீங்கியிருந்தது. அலமாரியைத் திறந்து மாலையைக் கழற்றி மீட்டரை எடுக்க வேண்டும். ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு உளுந்தை வாயில் போட்டேன், நாக்கால் புரட்டினேன், தலையாட்டினேன், துப்பினேன். ஒன்பது லாரிக்கும் ஒன்பது தரம்.

பதிவேட்டில் ஈரம் பதினொரு சதவீதம் என்று எழுதினேன். ஒன்பது தடவை.

8 நவம்பர்

மழை. பன்னிரண்டு வரை அடுக்கலாம். பத்து என்று எழுதியிருந்தால் சந்தேகம் வரும். பதினொன்று நேர்மையான முகம் உள்ள எண்.

25 நவம்பர், திங்கள்

அடுக்கிவைத்த மூட்டை அட்டியின் நடுவில், இரண்டு மூட்டைகளுக்கு இடையே கையை விட்டேன். சூடு. உளுந்துக்குக் காய்ச்சல்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அலமாரியைத் திறந்து மாலையைக் கழற்றினேன். மீட்டர் நன்றாகவே வேலை செய்கிறது, அது காட்டியதை அப்படியே பதிவேட்டில் எழுதினேன். பதினாறு.

27 நவம்பர், புதன்

அட்டியைப் பிரித்தோம். நடுவில் நானூற்று முப்பது மூட்டை பூசணம் பிடித்துக் கட்டியாகிவிட்டது. ஓரத்து மூட்டைகளில் வண்டு. சேமிப்பிலும் போக்குவரத்திலும் நாட்டின் பருப்பு வீணாகிறது, அறிவியல் முறை இல்லாததே காரணம் என்று நானே வாசகர் கடிதம் எழுதியிருக்கிறேன். பிரசுரமும் ஆனது. எங்களிடம் அறிவியல் முறை இருந்தது. அலமாரியில், மாலையோடு.

எபினேசர் நாசரேத்துக்காரர். அதிகம் சத்தம் போட மாட்டார். பதிவேட்டைத் திறந்து விரலை வைத்தார்.

"லாரியில பதினொண்ணு. அட்டியில பதினாறு. நடுவுல இந்த ஈரம் எங்கேருந்து வே வந்துச்சு? மூட்டைய முத்தத்துல மழையில போட்டுட்டு டீ குடிக்கப் போயிருக்கானுவ."

பதிவேட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உம்ம பல்லு பொய் சொல்லாதுல்லா."

அப்போதுதான் புரிந்தது. நான் எழுதியது வெறும் பொய்யில்லை, சாட்சியம். லாரிக்கும் அட்டிக்கும் நடுவில் இருந்தவர்கள் ஆறு பேர்தான்.

28 நவம்பர்

எபினேசர் பீம்ராவையும் ஆட்களையும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார். கேட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார் பீம்ராவ்.

"நீ சொல்லு சார். ஒரு மூட்டய தரையில வச்சமா?"

"முதலாளி முடிவு, பீம்ராவ்."

"அத்த கேக்கல நானு."

அவர் கேட்டது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். கேட்டைச் சாத்தினேன். நானே. வாட்ச்மேன் இருக்க, நான் ஏன் சாத்தினேன்?

5 டிசம்பர், வியாழன்

திருவொற்றியூர் டீக்கடையில் காதில் விழுந்தது. வேறெந்தக் கிடங்கும் பீம்ராவைச் சேர்க்கவில்லையாம். 'நனைக்கிற கேங்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சுருக்கமான, பொருத்தமான பெயர். இப்படிப் பெயர் வைப்பதில் எனக்கும் கொஞ்சம் திறமை உண்டு, அதனால் சொல்கிறேன்.

வீட்டில் சொன்னேன், பாதியை மட்டும். வரலட்சுமி குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"பல்லு அஞ்சாந்தேதி புடுங்குனது. ஏழாந்தேதி எதால கடிச்சீங்க?"

பத்தொன்பது வருடத்தில் என்னைத் தணிக்கை செய்த முதல் ஆள்.

9 டிசம்பர், திங்கள்

எபினேசரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். வெகுநேரம் கால்குலேட்டர் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நாளா எங்கிட்ட இருக்கீரு... சரி, போட்டும். புது கேங்கு வந்தாச்சு, அவனுவள எப்படி வெரட்ட? நீரு இனிமே மீட்டர்ல பாரும்."

"பீம்ராவ்?"

"அவன் எங்கயாவது பொழச்சுக்கிடுவான்."

மன்னிப்பு எனக்குக் கிடைத்தது. குற்றம் மட்டும் பீம்ராவிடமே தங்கிவிட்டது. வேலை போயிருந்தால் கொஞ்சம் நன்றாக உறங்கியிருப்பேன் — இதுவும் சுயநலம்தானோ?

12 டிசம்பர், வியாழன்

வியாசர்பாடி. பீம்ராவ் வீடு குடியிருப்பில் மூன்றாவது மாடி. வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மனைவி செங்கொடி உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வைத்தாள், உட்காரச் சொல்லவில்லை.

"தெரியும் சார். வாயில பஞ்ச வச்சினு நீ கடிச்ச லட்சணத்த ஆறு பேரும்தான பாத்தோம்."

"அப்புறம் ஏன் முதலாளியிடம் சொல்லவில்லை?"

"நான் சொன்னா அவுரு நம்புவாரா? நீ சொல்லுவன்னு பாத்துகினு இருந்தேன். பத்து நாளு பாத்தேன். அப்பால வுட்டுட்டேன்."

மன்னிப்பு கேட்டேன்.

"அத்த வச்சி நான் இன்னா சார் பண்றது? என்னாண்ட சொன்னா ஆச்சா? எவன் என்ன சேத்துக்கலியோ அவனாண்ட போயி சொல்லு."

செங்கொடி அப்போதுதான் பேசினாள். "லீவு போட்டுட்டு வரச் சொல்லு."

16 டிசம்பர், திங்கள்

லீவு போட்டேன். பீம்ராவோடு திருவொற்றியூரில் கேட் கேட்டாக ஏறினேன். ஒவ்வொரு கிடங்கிலும் என்னைப் போன்ற ஒரு பொறுப்பாளர். எல்லோருக்கும் என்னைத் தெரியும். என் பல்லையும் தெரியும்.

முதல் கேட்டில் மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டாவதில் சொல்லிவிட்டேன். மூன்றாவதில் அந்த ஆள் இரக்கப்பட்டு எனக்கு டீ சொன்னார், பீம்ராவுக்குச் சொல்லவில்லை. நாலாவதில் முறுக்கு, பஞ்சு, மாலை எல்லாம் சேர்த்துக் கொஞ்சம் சுவையாகவே சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. அவர்கள் சிரித்தார்கள். வெளியே வந்ததும் பீம்ராவ் நின்றார்.

"கத சொல்லாத சார். நடந்தத மட்டும் சொல்லு."

பத்தொன்பது வருடமாக நான் பேசிய பேச்சுக்கு இதுவரை வந்த விமர்சனங்களில் இதுதான் சரியானது.

ஐந்தாவது கேட்டில், "ஈரம் பார்க்காமல் எழுதினேன். இவர்கள் ஒரு மூட்டையையும் நனைக்கவில்லை" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் சிரிக்கவில்லை. பொறுப்பாளர் தேவப்பிரியம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு பீம்ராவிடம், "ரெண்டு பேருதான் வேணும். நாளைலேர்ந்து வா" என்றார்.

"நாங்க ஆறு பேரு."

"ரெண்டு."

பீம்ராவ் சாலையோரம் நின்று யோசித்தார். தன் ஆட்களில் இரண்டு பேர் பெயரைச் சொல்லி அனுப்பிவைப்பதாகச் சொன்னார். தன் பெயரைச் சொல்லவில்லை.

இன்னும் நாலு பேர். நாளை மாதவரம் கிடங்குகள். எட்டரைக்கு பஸ் ஸ்டாண்டில் நிற்கச் சொல்லியிருக்கிறார்.