செருகியே இருந்த டிஸ்க்

என்னங்க,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன். என் கம்ப்யூட்டர்தான் படுத்துவிட்டது.

பார்சல் வந்திருப்பதாக ஒரு மெயில் வந்தது. நீங்கள்தான் ஏதோ அனுப்பியிருக்கிறீர்கள் என்று ஆசையாகத் திறந்தேன். அவ்வளவுதான், ஃபைல்கள் எல்லாம் பூட்டிக்கொண்டன. திறக்க வேண்டுமானால் பணம் கட்டு என்று திரையில் ஒரு மிரட்டல்.

எங்கள் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவரை அழைத்தேன். "பணம் மட்டும் கட்டிடாதீங்க சிஸ்டர். கட்டினா திறந்து விடுவாங்கன்னு என்ன நிச்சயம்?" என்றவர், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். பாப்பா படங்களுக்கென்று கம்ப்யூட்டரில் செருகி வைத்திருந்த தனி டிஸ்க்கும் கூடவே பூட்டிக்கொண்டு போய்விட்டது.

"வேலை முடிஞ்சதும் டிஸ்க்கைக் கழட்டி வச்சிருந்தா தப்பிச்சிருக்கும். எதுக்கு எப்பவும் செருகியே வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். மறந்துவிட்டேன் என்று சமாளித்தேன்.

படங்களை மறுபடி ஒரு பென்டிரைவில் அனுப்புங்கள். மங்கலாக இருப்பவற்றையும் தள்ளிவிடாதீர்கள். உங்களிடமும் ஒரு நகல் எதிலும் செருகாமல் தனியாக இருக்கட்டும்.

டியூட்டிக்கு வண்டி வந்துவிட்டது. இனி நானும் கழற்றித்தான் வைப்பேன். அறைக்குத் திரும்பிக் கதவைத் திறக்கும்போது திரையில் மாறி மாறி ஓடும் அந்த டிஸ்க் படங்களில் பாப்பா சிரித்துக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் இத்தனை நாள் கழற்றவில்லை.