ஊசி என்றால் ஆடு

என் குஞ்சுத் தம்பி நகுலனுக்கு,

குஞ்சு என்று எழுதிவிட்டேன். கை பழகிப்போய்விட்டது. மனதில் இருப்பது அந்தச் சொல் இல்லை. நீ இப்போது படலையைத் திறந்துகொண்டு வந்தால் முதலில் உன் கன்னத்தில் ஒன்று போடுவேன். பிறகுதான் கட்டிப்பிடிப்பேன்.

நீ செத்த செய்தியைச் சொன்னது மடகஸ்காரில் நீலக்கல் வாங்கி விற்கிற உன் முதலாளி. மூன்று நாள் காய்ச்சல், அங்கேயே அடக்கம் செய்தாயிற்று என்று இரண்டு நிமிடத்தில் கதையை முடித்துவிட்டார். உடல் இல்லை. உன் பாஸ்போட் படத்தைப் பெரிதாக்கி வைத்து, ஜெயபுரத்து வீட்டில் அந்தியேட்டிச் சடங்கு செய்தோம். அம்மாவும் அப்பாவும் போன பிறகு உனக்குத் தாயும் நான்தானே. அழுது முடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் நம்பரில் இருந்து அழைப்பு வந்தது. திரையில் உன் பெயர், உன் படம். பைத்தியக்காரி மாதிரி ஓடிப்போய் எடுத்தேன். யாரோ ஒரு பெண். அவளுடைய மடியில் நாலு வயது மதிக்கத்தக்க சிறுமி. உன் நெற்றி. உன் மூக்கு. நான் யாரிடமும் எதுவும் கேட்கத் தேவை இருக்கவில்லை.

சிறுமி என்னைப் பார்த்து, "அக்கூ! அக்கூ!" என்று கத்தினாள். நீ கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவளும் என்னை அக்கா என்கிறாள் என்று நினைத்து உடைந்துபோனேன். என் முதுகுக்குப் பின்னால், குசினி வாசலில், கோழி நின்றது. அவர்களுடைய மலகாசி மொழியில் அக்கூ என்றால் கோழியாம். பெற்ற பிள்ளைக்கு ஒரு தமிழ்ச் சொல்கூடவா சொல்லிக்கொடுக்க உனக்கு நேரம் கிடைக்கவில்லை?

ஏனடா எனக்கு ஒளித்தாய்? வேற்று நாட்டுக்காரி என்று நான் அடித்துத் துரத்தியிருப்பேன் என்றா? கத்தியிருப்பேன். நாலு நாள் சாப்பிடாமல் கிடந்திருப்பேன். ஐந்தாம் நாள் அவளுக்கு என்ன நிறத்தில் சேலை பிடிக்கும் என்று கேட்டிருப்பேன். உனக்கு அது தெரியும். தெரிந்தும், ஊருக்கு வா என்று கேட்டபோதெல்லாம் ஆறு வருடமாக "விசா சரிவரேல்ல அக்கா" என்றாய்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சுகந்திக்கு நீ செய்ததை எப்படிப் பொறுப்பது? உன் சாதகத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீரூற்று ஊர்வரைக்கும் போய்ப் பெண் பார்த்தவள் நான். "நல்ல பிள்ளை, ஓம் எண்டு சொல்லுங்கோ. கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ" என்றவன் நீ. அவள் இரண்டு வருடம் பொறுத்தாள். வந்த வேறு சம்பந்தங்களை எல்லாம் வேண்டாம் என்றாள்.

உனக்குப் பெண்ணும் பிள்ளையும் இருந்ததை அவளுக்கு நான்தான் போய்ச் சொன்னேன். பரந்தனில் பஸ் மாறிப் போகும் வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே போனேன். அவள் கதிரையை இழுத்துப் போட்டு, தண்ணீர் தந்து, முழுவதையும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "அவர் செத்தார் எண்டு நான் ஒரு மாதம் அழுதன் அக்கா. இப்ப ஆருக்காக அழுதன் எண்டே விளங்கேல்ல. உயிரோட இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பன். செத்த மனுசனோட எப்பிடிச் சண்டை பிடிக்கிறது?"

பிள்ளையின் படத்தைக் காட்டப் போனேன். "இப்ப வேண்டாம்" என்று கையைத் தட்டிவிட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நீ.

சித்தப்பா, "அது எங்கட பிள்ளை இல்லை, நம்பரை அழி" என்றார். எனக்கு இருந்த கோபத்தில் அழித்திருக்கவும் கூடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்தச் சிறுமி கூப்பிடுகிறாள். பெயர் தியானா. தாயின் பெயர் சுவா. சுவாவோடு போனில் எழுதி, மொழிபெயர்த்துத்தான் பேச்சு. நாலு வயதுக்காரிக்கு எழுத்து ஏது? போனை வீட்டு வளவைச் சுற்றிக் காட்டினால் கண்டதற்கெல்லாம் பெயர் சொல்வாள். நானும் திருப்பிச் சொல்வேன். நாய் அலீக்க. பூனை சாக்க. வேலியில் போன சாரைப்பாம்பைக் கண்டு "பிபிலாவ!" என்று கூச்சலிட்டாள். நீளமான பிராணி என்று அர்த்தமாம்.

ஒருநாள் அவள் "ஊசி, ஊசி" என்று விடாமல் சொன்னாள். உனக்கு வந்த காய்ச்சல் பிள்ளைக்கும் வந்து ஊசி போட்டார்களோ என்று பதறிச் சுவாவுக்கு எழுதினேன். அவள் சிரித்தாள். ஊசி என்றால் ஆடு. உன் அத்தான் பக்கத்தில் நின்று, "ஐம்பது வயசில உமக்கு வந்த பாசையைப் பாரும்" என்றார். ஆனால் அடுத்த கிழமை ஆட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து போனுக்கு முன்னால் நிறுத்தியவரும் அவர்தான்.

தியானா எப்போதும் போனை இன்னும் திருப்பு, இன்னும் திருப்பு என்று கை காட்டுவாள். மிருகங்களைத் தேடுகிறாள் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் அழுதுகொண்டே, "ஐசா தாதா?" என்றாள். தாதா அப்பா என்று தெரியும். ஐசா என்றால் எங்கே என்று சுவா எழுதினாள். அப்பா தன் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று பிள்ளைக்குச் சொல்லி வைத்திருந்தாளாம். அந்தப் பிள்ளை இத்தனை ஞாயிறும் என் வீட்டு மூலைமுடுக்கெல்லாம் உன்னைத்தான் தேடியிருக்கிறாள், நகுலா.

சுவாவோடும் கத்தினேன். பிறகு வெட்கமாக இருந்தது. உன்னைத் தனியாளாய்ப் புதைத்துவிட்டு வந்தவள் அவள். "எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் சொல்லுவீர்களா?" என்று எழுதினாள்.

என்னிடம் இருந்ததெல்லாம் பத்துப் பதினைந்து பிராணிகளின் பெயர்கள். அவற்றோடு ஒரேயொரு வேறு சொல். கீரி கடித்த கோழியைக் காட்டியபோது அவளே சொல்லித் தந்தது: மாத்தி. செத்துப்போச்சு. அடுத்த ஞாயிறு போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னேன். "தாதா மாத்தி." ஆறுதலுக்கு ஒரு சொல் தெரியாது. ஏன் என்பதற்குச் சொல் தெரியாது. அவள் என்னை உற்றுப் பார்த்தாள். போன் தரையில் விழுந்தது. தகரக் கூரைதான் தெரிந்தது. அழுகைச் சத்தம் கேட்டது. இந்த வேலையையும் என் தலையிலா வைத்துவிட்டுப் போனாய்?

இரண்டு ஞாயிறு அழைப்பு இல்லை. மூன்றாம் ஞாயிறு அவளே அழைத்தாள். உன்னைக் கேட்கவில்லை. "மாமி" என்றாள், அப்பாவின் அக்காவை அப்படிக் கூப்பிட வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்தபடி. அவர்களுடைய மொழியில் மாமி என்றால் இனிப்பாம். சொல்லும்போதெல்லாம் சிரிக்கிறாள். எங்கள் பூனையைக் காட்டி, தமிழில் என்ன என்று முதல்முறையாகக் கேட்டாள். பூனை என்றேன். "பூனெ" என்றாள்.

நகுலா, உன்மேல் உள்ள கோபம் ஆறவில்லை. ஆறும் என்று பொய் சொல்லவும் மாட்டேன். ஒன்று மட்டும் உறுதி. தியானா வளர்ந்ததும் நீ யார் என்பதை அவளுக்கு முழுதாய்ச் சொல்வேன். நீ செய்த நல்லதும் சொல்வேன், சுகந்தி பட்டதும் சொல்வேன். போன் மொழிபெயர்த்துச் சொல்லாது. அவளுடைய மொழியில் என் வாயாலேயே சொல்வேன். அதற்குப் பிராணிகளின் பெயர்கள் போதாது. மிச்சத்தையும் படிக்கிறேன்.

உன்னோடு இன்னும் கோபம் தீராத அக்கா,
தியானாவின் மாமி